விண்ணப்பத்தில் இல்லாத மனைவி

கிள்ளான்
11 மே 2025

கிஷன்,

வாட்ஸ்அப்பில் உன்னைப் பிளாக் செய்துவிட்டேன். இந்நேரம் உனக்கே தெரிந்திருக்கும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரி லா, சரி லா" என்பாய். வைத்த பிறகு ஒன்றும் மாறியிருக்காது. இனி மின்னஞ்சல்தான். முழு வாக்கியமாக எழுது.

நடந்ததைச் சொல்கிறேன். குடும்ப விசா எப்போது, வீடு எப்போது என்று உன்னிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போன வாரம் நானே நகோயாவில் உள்ள உன் கம்பெனி அலுவலகத்துக்கு எழுதினேன். ஜப்பானிய மொழியில்தான். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்பில் குகன் சாரிடம் காட்டினேன். ஒரே ஒரு இடத்தில்தான் திருத்தினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாளே பதில் வந்தது. மிக மரியாதையான பதில்.

"எங்கள் பதிவின்படி கிஷன் அவர்கள் திருமணமாகாதவர். தாங்கள் யார் என்று அறிந்துகொள்ளலாமா?"

மூன்று தடவை படித்தேன். ஏதோ ஒரு எழுத்தைத் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து அகராதியையும் திறந்தேன். தப்பே இல்லை. இந்தப் பதிலைக் குகன் சாரிடம் காட்ட எனக்கு முகம் இல்லை.

நான் யார்? சென்ற ஆகஸ்ட் பதினாறாம் தேதி பதிவிலாகாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவள். கையெழுத்து முடிந்து இரண்டு குடும்பமும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். பிறகு நீ உன் அம்மாவோடு போர்ட் கிள்ளானுக்குப் போனாய், நான் என் அப்பாவோடு வீட்டுக்கு வந்தேன். தாலி ஏறும்வரை அப்படித்தான் என்றார்கள். சரி என்றேன். தையில் கோயில் கல்யாணம் என்றார்கள். டிசம்பரில் உன் அப்பா தவறிவிட்டார். ஒரு வருஷம் உங்கள் வீட்டில் நல்ல காரியம் கூடாது, அடுத்த ஜனவரி இருபத்தைந்து என்றார்கள். அதற்கும் சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்றவளைத்தான் உன் கம்பெனி யார் என்று கேட்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஜப்பான் என்னுடைய ஆசை. உன்னுடையது இல்லை. ஆஸ்பத்திரி கவுன்டரில் ஒரு ஜப்பானியத் தாய் காய்ச்சல்காரக் குழந்தையை வைத்துக்கொண்டு, போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அழுததைப் பார்த்த நாளில்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆறு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் கொமுட்டர் ரயில் ஏறி அந்த மாடி வகுப்புக்குப் போகிறேன். நீ என்னைக் கொண்டுவிட வந்து, கீழே டீக்கடையில் காத்திருக்க அலுத்துப்போய் வகுப்பில் சேர்ந்தவன். N4 தேர்வைத் தட்டுத்தடுமாறி முடித்தாய். கிரேன் பழுதுபார்க்கத் தெரிந்தவன் என்பதால் உன்னை வாரிக்கொண்டு போனார்கள். நான் அதற்கு மேல்படியான N3 முடித்துவிட்டு இங்கே நோயாளிகளுக்கு நம்பர் சீட்டு கொடுக்கிறேன்.

சொக்கலிங்கம் மகளா என்று யாரும் கேட்காத ஒரு ஊரில், காய்கறி விலையை அந்த ஊர் மொழியில் கேட்டு வாங்கிக்கொண்டு வாழ வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

கல்யாணம் ஆகாதவன் என்று ஏன் எழுதினாய்? ஒரு பதில் போதும்.

ரமணி


நகோயா
14 மே 2025

ரமணி,

மூன்று நாளாக எழுதி எழுதி அழித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஏஜென்ட் அந்த வேலை விண்ணப்பப் பாரத்தைச் செப்டம்பரில் கொடுத்தார். திருமணமானவர், ஆகாதவர் என்று இரண்டு கட்டம். கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பது சத்தியம். அன்றைக்கு நான் என் அம்மா வீட்டில், சின்ன வயதிலிருந்து படுக்கிற அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நீ உன் வீட்டில் இருந்தாய். அன்று காலையில்கூட நான் வேலை பார்த்த லோரி யார்டில் வாசு அண்ணன் "எப்படா கல்யாணம்?" என்று கேட்டார். தை மாசம் அண்ணே என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு வந்து, ஆகிவிட்டது என்று எப்படி டிக் போடுவது? ஆகாதவர் என்று போட்டேன். அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை.

இங்கே வந்த பிறகுதான் கையெழுத்துத்தான் கல்யாணம், மற்றதெல்லாம் விருந்து என்று புரிந்தது. அதற்குள் பயம் பிடித்துவிட்டது. பிப்ரவரியில் நீ கேட்டபோது, ஒரு வருஷம் வேலை பார்த்தால்தான் குடும்பத்தை அழைக்கலாம் என்று கம்பெனி சட்டம் இருப்பதாகச் சொன்னேனே, அப்படி ஒரு சட்டம் கிடையாது. பொய் என்றால் அதுதான் பொய். மன்னித்துக்கொள்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இந்த ஊர் நீ நினைக்கிற மாதிரி இல்லை. ஹாஸ்டல் அறை, துறைமுகம், முக்குக் கடை, மறுபடியும் ஹாஸ்டல். யாரும் யாரிடமும் பேசுவதில்லை. நான் இங்கே பேசிய ஜப்பானிய மொழியில் பாதி "மன்னிக்கவும்"தான்.

பிளாக்கை எடு.

கிஷன்


கிள்ளான்
18 மே 2025

கிஷன்,

எடுக்க மாட்டேன்.

ஆறு மாதத்தில் நீ என்ன பார்த்தாய்? ஹாஸ்டலுக்குப் பின்னால் என்ன தெரு இருக்கிறது என்று கேட்டால் சொல்வாயா? முக்குக் கடையில் முட்டை சாண்ட்விச் வாங்கித் தின்றுவிட்டு ஊர் சரியில்லை என்கிறாய். யூடியூபில் அந்த நாட்டுத் தெருக்களில் ஒரு மணி நேரம் நடக்கிற வீடியோக்களைப் பார்த்தே உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும். எனக்கு எரிகிறது, கிஷன். அங்கே உட்கார்ந்துகொண்டு அலுத்துக்கொள்கிறாயே என்றுதான் எரிகிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் பிரிவுத் தலைவரிடம் நேரில் போ. மின்னஞ்சல் கூடாது, ஏஜென்டை இழுக்கக் கூடாது. எனக்கு மனைவி இருக்கிறாள் என்று அவர்கள் மொழியில், உன் வாயால் சொல்.

இல்லையென்றால் இந்தப் பதிவை ரத்து செய்ய வழி பார்ப்பேன். விசாரித்தும்விட்டேன். பதிந்து இரண்டு வருஷம் ஆகாமல் விவாகரத்து கேட்க முடியாதாம். பார்த்தாயா, உனக்கு ஆகாத கல்யாணத்தை நான் நினைத்தாலும் முறிக்க முடியவில்லை.

ரமணி


நகோயா
15 ஜூன் 2025

ரமணி,

சொல்லிவிட்டேன். நான்கு வாரம் ஆனதற்குக் காரணம் தைரியம் வரவில்லை என்பதுதான். வேறு கதை சொல்ல மாட்டேன்.

பிரிவுத் தலைவர் மொரிதா சாப்பாட்டு நேரம் முடிந்து மேசைக்கு வந்தார். போய் நின்றேன். இரண்டு வரி மனப்பாடம். சொன்னேன். எப்போதிருந்து என்று கேட்டார். போன ஆகஸ்ட் என்றேன். நீ வேலைக்கு மனுப் போட்டது செப்டம்பர் அல்லவா என்றார். ஆமாம் என்றேன். பிறகு கல்யாணப் படம் இருக்கிறதா என்று கேட்டார். பதிவிலாகாவில் நாம் இரண்டு பேரும் பேனாவோடு நிற்கிற படத்தைக் காட்டினேன். இது ஆபீஸ் போல இருக்கிறதே, கல்யாணப் படம் எங்கே என்றார். அவசரத்தில் "கல்யாணம் இன்னும் ஆகவில்லை" என்று சொல்லிவிட்டேன்.

மொரிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாலி என்றால் என்ன என்று சொல்லப் பார்த்தேன். என் மொழியில் அதற்கு வழியில்லை. கழுத்தில் கை வைத்துக் காட்டினேன். தூக்குப் போடுவது என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்து மேசை ஆளைக் கூப்பிட்டார்.

வேலை போகவில்லை. ஆனால் இந்த வருஷம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு கிடையாது. குடிநுழைவுத் துறைக்கு விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும், விசா பாரத்திலும் அதே டிக் இருப்பதால். அவர்கள் ஒப்புக்கொண்டால் உனக்கு மனுப் போடலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் என் விசாவே ஆட்டம் காணும். நான் எழுதிய எட்டு வரியை இணைத்திருக்கிறேன். திருத்திக் கொடு. இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லைதான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மொரிதாவின் முன்னால் "த்சுமா" என்றேன், மனைவி. உன்னை அப்படி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. யார்டில் "என் ஆளு" என்பேன், அம்மாவிடம் "ரமணி" என்பேன். தமிழில் ஒருவரிடமும் என் மனைவி என்று சொன்னதே இல்லை. சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கும்போது சந்தோஷமாக இருந்தது.

கிஷன்


கிள்ளான்
22 ஜூன் 2025

கிஷன்,

உன் எட்டு வரியைப் படித்தால் லோக்கப்பில் உட்கார்ந்து எழுதிய வாக்குமூலம் போல இருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அப்படியே உன் கையால் பார்த்து எழுது.

எழுதுவது லேசாக இல்லை. அந்த அதிகாரிக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம் ஆட்களுக்குக் கல்யாணம் இரண்டு தடவை, ஒன்று அரசாங்கத்துக்கு, ஒன்று மனிதர்களுக்கு என்று ஆரம்பித்தேன். முதலாவது முடிந்தாலும் பெண் அப்பா வீட்டில்தான் இருப்பாள், மாப்பிள்ளை வந்தால் ஹாலில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவான், அக்கம்பக்கம் எப்போது கல்யாணம் என்றுதான் கேட்கும் என்று எழுதினேன். வீட்டில் சாவு விழுந்தால் இரண்டாவது கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று எழுதினேன். அப்படி நடுவில் நிற்கிற ஒருவனிடம் நீ மணமானவனா என்று ஒரு தாள் கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று எழுதும்போது, உனக்காக வக்கீல் வேலை பார்ப்பது எனக்கே விளங்கியது. நான் எழுதியதை நானே நம்பினேன்.

இப்போது சொல்லப் போவதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். உனக்குத் தெரிய வழியே இல்லை.

குடும்ப விசாவுக்கு என் வேலைச் சான்றிதழும் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கே வேலை பார்க்கும் சிந்து என் விவரத்தைத் திறந்து அச்செடுத்துக் கொடுத்தாள். "அக்கா, எதுக்கு இப்போ?" என்றாள். ஹஸ்பண்ட் விசாவுக்கு என்றேன். "ஐயோ, நீங்க மேரிட்டா? இதுல பூஜாங்னு இருக்கே" என்றாள். நான் கல்யாணம் ஆகாதவள் என்று மலாய் மொழியில் அச்சடித்திருந்தது. சிஸ்டம் தப்பாக இருக்கும் என்றேன். அவள் பழைய கோப்பை எடுத்துக் காட்டினாள். மருத்துவ அட்டைக்காக எல்லோரிடமும் விவரம் கேட்ட பாரம், போன அக்டோபர். பதிந்து இரண்டு மாதம் ஆன பிறகு. என் கையெழுத்து, என் நீலப் பேனா, பூஜாங் கட்டத்தில் என் டிக்.

யோசித்துக்கூடப் போடவில்லை, கிஷன். நீயாவது கொஞ்ச நேரம் யோசித்தாய்.

ஆறு வாரமாக உன்னை வறுத்தெடுத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு. பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் முக்கியமானதை எழுதவே செய். எழுதும்போதுதான் நீ நிஜத்தைச் சொல்கிறாய்.

ரமணி


நகோயா
28 செப்டம்பர் 2025

ரமணி,

போனில் பாதி சொன்னேன். மீதியை நீ சொன்னபடி எழுதுகிறேன்.

விளக்கத்தை ஒப்புக்கொண்டார்கள். கடிதத்தை யார் எழுதியது என்று மொரிதா கேட்டார். மனைவி என்றேன். உன்னை வேலைக்கு எடுத்ததற்குப் பதில் அவரை எடுத்திருக்கலாம் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

உன் விசாவுக்கான தகுதிச் சான்றிதழ் வந்துவிட்டது. தேதி செப்டம்பர் இருபத்திரண்டு. அங்கேதான் சிக்கல். அது மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். டிசம்பர் இருபத்தொன்றுக்குள் நீ இங்கே வந்து இறங்கியாக வேண்டும். அப்பாவின் ஆண்டுத் திதி டிசம்பர் பதினான்கு. அதற்கு முன்னால் தாலி கட்ட முடியாது. பிறகு மார்கழி. ஜனவரி இருபத்தைந்துக்கு முன்னால் ஒன்றும் நடக்காது.

வீடு கிடைத்துவிட்டது. மூன்று வீட்டுக்காரர்கள் நான் வெளிநாட்டுக்காரன் என்பதால் முடியாது என்றார்கள். நாலாவது ஆள் குடும்பமா என்று கேட்டுக் கொடுத்தார். மூன்றாவது மாடி. சின்ன ஸ்டேஷன் ஐந்து நிமிஷம். கீழே ஒரு காய்கறிக் கடை. நீ திட்டிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க ஆரம்பித்திருக்கிறேன். வட்டார அலுவலகத்தில் இலவச மொழி வகுப்பும் நடக்கிறது, அதற்கும் போகிறேன். போன வாரம் முள்ளங்கி விலை கேட்டு வாங்கினேன். என்ன செய்வது என்று தெரியாமல் சாம்பார் வைத்தேன்.

உன் அப்பா தாலி ஏறாமல் அனுப்ப மாட்டார். அவரோடு சண்டை போட்டுக்கொண்டு நீ வர வேண்டாம். இந்தச் சான்றிதழ் போகட்டும். ஜனவரிக்குப் பிறகு மறுபடி மனுப் போடலாம்.

எனக்கு இந்த ஊர் எப்போதாவது பிடிக்குமா என்று தெரியவில்லை. ஆனால் நீ அந்தக் காய்கறிக் கடையில் நின்று பேசுவதைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ரொம்ப இருக்கிறது.

கிஷன்


கிள்ளான்
12 அக்டோபர் 2025

கிஷன்,

மறுபடி மனுவா? ஒரு தடவை ஆகாதவன் என்றாய், பிறகு ஆனவன் என்றாய், கூப்பிட்ட மனைவி வரவில்லை, இப்போது இன்னொரு மனு. அந்த அதிகாரியாக நான் இருந்தால் கொடுக்க மாட்டேன். ஆறு வருஷம் படித்த எனக்குக் கதவு திறந்திருக்கிறது. டிசம்பர் இருபத்தொன்றுக்கு அது மூடிவிடும். நான் விடமாட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டார்.

"தாலி ஏறாம எப்படிமா அனுப்பறது? கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"சட்டப்படி கல்யாணம் ஆயிருச்சுப்பா."

"சட்டமா வந்து நம்ம வீட்டு வாசல்ல நின்னு கேக்கப் போகுது? மனுசங்கதான் கேப்பாங்க."

நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். நவம்பரில் போ. படிக்கப் போகிறாய், ஹாஸ்டலில் தங்குகிறாய் என்று எல்லோரிடமும் சொல்வோம். ஜனவரியில் வந்து மணவறையில் உட்கார். நடுவில் நடந்தது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி முகம்.

சரி என்றுவிட்டேன். எனக்குப் போக வேண்டும், கிஷன். அப்பாவையும் உடைக்க முடியாது. அவர் எவ்வளவு இறங்கி வந்திருக்கிறார் என்று உனக்குத் தெரியும். நேற்றே ரவாங் அத்தை போன் செய்தார், ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று கேட்டார். மீன் நிறைய கிடைக்கும் அத்தை என்றேன்.

உன் அம்மாவிடமும் இதையே சொல்லிவிடு.

ரமணி


நகோயா
14 அக்டோபர் 2025

ரமணி,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்குச் சம்மதம்.

நீ வருகிறாய் என்பதே எனக்குப் பெரிது. என்ன சொல்லிவிட்டு வருகிறாய் என்பது உன் இஷ்டம், இதில் நான் பேசக் கூடாது. ஆனால் எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் சொல்கிறேன். ஒரு டிக் போட்டுவிட்டு அதைக் காப்பாற்ற நான் மாதக்கணக்கில் பொய் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவேன். இங்கே யாரும் பேசுவதில்லை என்று உனக்கு எழுதினேனே, உண்மையில் பேசாமல் இருந்தது நான்தான். இப்போது மொரிதா தினமும் "உன் மனைவி எப்போது வருகிறார்?" என்று கேட்கிறார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது.

கனமான ஜாக்கெட் அங்கே வாங்காதே. இங்கே நல்லதாகக் கிடைக்கும்.

கிஷன்


கிள்ளான்
9 நவம்பர் 2025

கிஷன்,

இன்று நடந்ததை உடனே எழுதிவிடுகிறேன்.

இந்த நான்கு வாரத்தில் எத்தனை பேரிடம் ஹாஸ்டல் கதை சொன்னேன் என்று கணக்கில்லை. ஒருவரிடம் அறைத்தோழி கொரியாக்காரி என்றேன். இன்னொருவரிடம் அவள் வியட்நாம்காரி என்று சொல்லி மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். சிந்து மட்டும் ஆஸ்பத்திரியில் என் விவரத்தைத் திருத்திவிட்டு, "ஹஸ்பண்ட் பேரு ஸ்பெல்லிங் சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன். அங்கே ஒரு இடத்தில்தான் நிஜம் பேசினேன்.

காலையில் அப்பா வாசலில் ரப்பர் குழாய் வைத்து வேன் கழுவிக்கொண்டிருந்தார். நான் பழைய துணிகளைப் பையில் கட்டி வெளியே வைத்தேன். பக்கத்து வீட்டு ஜரீனா ஆன்டி பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு பையோடு வந்தார்.

"என்னா ரமணி, வீட்டையே காலி பண்றே? படிக்கப் போறியாமே, எத்தன மாசம்?"

வாயைத் திறந்தேன். கொரியாக்காரியா வியட்நாம்காரியா என்று ஒரு கணம் யோசித்தேன். சத்தியமாக அலுத்துப்போயிற்று.

"படிக்க இல்ல ஆன்டி. என் புருஷன் வீட்டுக்குப் போறேன்."

புருஷன். நானும் அந்த வார்த்தையை அப்பா காதுபட இதுவரை சொன்னதில்லை.

ஜரீனா ஆன்டி என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "கல்யாணம் ஜனவரியில தானே?" என்றார்.

"அது கோயில் கல்யாணம் ஆன்டி. எங்களுக்கு ரெஜிஸ்தர் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

நான் அப்பா பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயம். குழாய்த் தண்ணீர் ஒரே டயரின் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தது மட்டும் காதில் விழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். ஆன்டி பையைக் கை மாற்றிக்கொண்டு, "அப்படியா சொக்கலிங்கம் அண்ணே?" என்று அவரிடமே கேட்டுவிட்டார்.

அப்பா போய்ப் பைப்பை மூடினார். கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டார்.

"ஆமா ஜரீனா. மாப்பிள்ள வீட்டுக்குப் போறா. பதினெட்டாந் தேதி ஃபிளைட்டு."

ரமணி